நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் வெசூவியஸ்: ஒரே நாளில் எரிமலையும் அடிவாரத்து ஊர்களும்

இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போகிறவர்கள் பலர், வெசூவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய ஊரான பொம்பேயைச் சுற்றிவிட்டு, தூரத்தில் தெரியும் மலையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல்முறை போகிறீர்கள் என்றால் காலையில் வெசூவியஸ் உச்சி, மதியம் அதே போலப் புதைந்த இன்னொரு ஊரான ஹெர்குலேனியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்பேய்க்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். எரிமலையின் வாயை எட்டிப் பார்த்த கையோடு, அது மூடிப்போட்ட ஊருக்குள் நடக்கும்போது கி.பி. 79-ஆம் ஆண்டு வெடிப்பில் நடந்தது இன்னும் நன்றாகப் புரியும்.

முதல் வேலை, உச்சிக்கான நுழைவுச்சீட்டு. இதை இணையத்தில் முன்கூட்டியே, நேரம் குறித்து வாங்க வேண்டும். மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காது. சீட்டைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றோ மூடுபனியோ பலமாக இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள், அதனால் வானிலையையும் பார்த்துவிடுங்கள். ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் சகஜம். பெரும்பாலும் முன்பே அறிவித்துவிடுவார்கள்.

அடுத்து ரயில். நேப்பிள்ஸ் மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் கரிபால்டி நிலையத்தில் சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில் கிடைக்கும். உட்கார இடம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நிலையமான போர்த்தா நொலானாவில் ஏறுங்கள், வண்டி புறப்படுவதே அங்கிருந்துதான். சொரென்டோ போகும் வண்டியில் ஏறி, எர்கோலானோ ஸ்காவியில் இறங்குங்கள். சுமார் 20 நிமிடப் பயணம். கூட்டம் நெரியும், பணப்பையை முன்பக்கம் வையுங்கள்.

நிலையத்துக்கு வெளியிலேயே மலைக்குப் போகும் சிறிய பேருந்துகள் நிற்கும். பேருந்துக் கட்டணத்தில் நுழைவுச்சீட்டும் சேர்த்தியா, இல்லையா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். திரும்பும் நேரத்தையும் ஓட்டுநரிடம் கேட்டு வையுங்கள். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து அரை மணி நேர ஏற்றம். பாதை முழுக்கச் சாம்பலும் பொடிக்கல்லும்தான், செருப்பு சரிப்படாது. போகும் வழியில் பழைய எரிமலைக் குழம்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கற்பாசி (லைக்கன்) படர்ந்திருக்கும். அதைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வெறும் பாறையில் முதலில் குடியேறும் உயிர் அது.

மலையின் உயரம் 1,281 மீட்டர். விளிம்பிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் இறங்குகிறது. பாறை இடுக்குகளில் மெல்லிய ஆவி வரும். கடைசி வெடிப்பு 1944 மார்ச்சில். மறுபக்கம் திரும்பினால் கடல் வரைக்கும் வீடுகள். அபாயப் பகுதி என்று அரசு குறித்திருக்கும் இடத்தில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். இந்தக் காட்சியை அவசரப்படாமல் பாருங்கள்.

சரி, கீழே இறங்கியாயிற்று. நிலையத்திலிருந்து கடல் பக்கமாகச் சரிவில் பத்து நிமிடம் நடந்தால் ஹெர்குலேனியம். நுழைவுப் பாதையில் இருந்தே பழைய ஊர் ஒரு பெரும் பள்ளத்துக்குள் கிடப்பது தெரியும். அதன் விளிம்பில் இன்றைய அடுக்குமாடி வீடுகள். வெடிப்பு நாளில் காற்று தென்கிழக்காக வீசியதால் கல்மழை பொம்பேய் மேல் கொட்டியது. மேற்கே இருந்த இந்த ஊர் முதலில் பெரும்பாலும் தப்பியது. இரவில் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சரிவில் பாய்ந்து வந்து, இடத்துக்கு இடம் 20 மீட்டர் வரை மூடிவிட்டன. அந்தச் சூட்டில் மரம் எரிந்து போகாமல் கரியாகி நின்றுவிட்டது. மரத்தடுப்பு வீடு என்று ஒன்று உண்டு, தவறவிடாதீர்கள்: கூடத்தைப் பிரிக்கும் மடிப்புக் கதவு, கருத்துப்போய் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

கடைசியாகப் பழைய கடற்கரைக்கு இறங்குங்கள். படகுகளை நிறுத்தும் வளைவு அறைகளில், கடல்வழியாகத் தப்ப வந்து காத்திருந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980-களிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. இன்று அங்கிருந்து கடல் வெகு தூரம். வெடிப்பு கரையையே தள்ளிவிட்டது.

நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால், அதே தடத்தில் சொரென்டோ பக்கமாகப் போய் தோரே அனுன்சியாத்தாவில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், அதே வெடிப்பில் புதைந்த ரோமானிய ஒப்லான்டிஸ் மாளிகை. கூட்டம் குறைவு, சுவரில் மயிலும் அத்திப்பழக் கூடையும் நேற்று வரைந்ததுபோல் இருக்கும். உள்ளே விடும் நேரம் மூடுவதற்கு முன்பே முடிந்துவிடும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம் எதிர்ப்பக்க நடைமேடையில் நேப்பிள்ஸ் வண்டி.