ஊர் சுற்றிய ஓராண்டை நேர்காணலில் மறைக்காதீர்கள்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை தேடும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ நேர்காணல் இருந்தால் என் முன்னால் உட்கார்ந்து ஒருமுறை பேசிப் பார்ப்பார்கள். போன மாதம் வந்த தம்பி, மென்பொருள் சோதனையில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். வேலையை விட்டுவிட்டுப் பதினோரு மாதம் ஸ்பிட்டி, லடாக், வடகிழக்கு என்று சுற்றியிருக்கிறார். தொழில் கேள்விகளுக்கெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்னவர், "நடுவில் இந்தப் பதினோரு மாதம்?" என்றதும் பேனா மூடியைத் திருகத் தொடங்கினார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை அண்ணா."

"இப்போது எப்படி இருக்கிறார்கள்?"

தலை குனிந்துவிட்டது. அம்மா திருநெல்வேலியில் நன்றாகத்தான் இருக்கிறார்.

துருவித் துருவிக் கேட்க வேண்டியதே இல்லை; அக்கறையோடு கேட்கும் ஒரு கேள்வியையே இந்தப் பொய் தாங்காது. அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகள்மீதும் சந்தேகம் விழும்.

இதைவிடப் பெரிய தவறு தேதியை நீட்டுவது. ஜூனில் விட்ட வேலையை டிசம்பர்வரை பார்த்ததாக எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்த வேலை என்றால், யூ.ஏ.என். என்கிற உங்கள் 12 இலக்க பி.எஃப். அடையாள எண்ணின் கீழ் சேர்ந்த தேதி, விலகிய தேதி, மாதாமாதம் கட்டிய தொகை எல்லாம் பதிவாகியிருக்கும். பின்னணி சரிபார்ப்பில், பழைய நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டரோடு (பணி விடுவிப்புக் கடிதம்) அதையும் கேட்பது இங்கே சகஜம். வேலைக்குச் சேர்ந்த பிறகு பிடிபட்டாலும் வேலை போகும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். சுயவிவரத்தில் மாதம், ஆண்டோடு "பயணத்துக்கான பணி இடைவெளி" என்று ஒரு வரி போதும். லிங்க்ட்இன் தளமே 2022 முதல் இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. அதில் பயணமும் ஒரு வகை.

சிலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். "பயணம் எனக்குத் தலைமைப் பண்பைக் கற்றுத்தந்தது" என்று மேடைப்பேச்சாக ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. நடந்ததைச் சொல்லுங்கள். இந்தத் தம்பி ஸ்பிட்டியில் உள்ள காசா என்ற ஊரிலிருந்து மணாலிக்குப் போக இருந்த நேரத்தில் வழியில் உள்ள குன்சும் கணவாய் பனியில் அடைபட்டிருக்கிறது. கையிருப்பை எண்ணிப் பார்த்து, கின்னௌர் வழியாகச் சிம்லாவுக்கு இறங்கி, மீதி மாதங்களின் திட்டத்தையே மாற்றியிருக்கிறார். இரண்டு வாக்கியம் போதும். மேலே கேட்டால் மட்டும் மேலே சொல்லலாம்.

எதிரில் இருப்பவருக்கு நீங்கள் எந்த மலையில் ஏறினீர்கள் என்பது முக்கியமில்லை. கை துருப்பிடித்திருக்குமோ என்பதுதான் அவருடைய கவலை. இதற்குப் பதில் இல்லாமல் போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நம் தம்பி திரும்பி வந்த இரண்டு மாதத்தில், செலினியம் என்ற சோதனைக் கருவியில் எழுதியிருந்த பழைய சோதனைகளை, அதைவிடப் புதிய கருவியான பிளேரைட்டுக்கு மாற்றி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருந்தார். அதை என்னிடம் சொன்னது வாசலில் செருப்பு மாட்டும்போது! பயணத்தைப் பற்றிய பதிலே இந்த வேலையில்தான் வந்து முடிய வேண்டும் என்று திரும்ப உட்காரவைத்துச் சொல்ல வைத்தேன்.

சம்பளத்தை யாரும் கேட்பதற்கு முன்பே நீங்களாகக் குறைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து ஆண்டு அனுபவம் பதினோரு மாதத்தில் அழிந்துவிடாது.

"மறுபடியும் இப்படிப் போய்விடுவீர்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இனி ஊரைவிட்டே நகரமாட்டேன் என்று சத்தியம் செய்தால் யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது முறை கேட்டபோது தம்பி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "நீண்ட பயணம் ஒன்று போக வேண்டும் என்று பல வருடமாகச் சேமித்தேன், போய்வந்துவிட்டேன். இனி பயணம் என்றால் ஆண்டு விடுப்பில்தான். இப்போது ஒரு குழுவில் நிலையாக வேலை செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்."