வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள்

மொரீஷியஸின் நீளமே ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். தெற்கே சூயாக்கில் இருந்தாலும் வடக்கே த்ரியோலேயில் இருந்தாலும் ரெதுயில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்தே போய் வந்துவிடலாம். 2005 முதல் மாணவர்களுக்குப் பஸ் இலவசம். 2023 முதல் மெட்ரோவும் ரெதுய் வரை வருகிறது. வசதிதான், ஆனால் பல்கலைக்கழகத்தில் நட்பு தேடுவதில் நாம் செய்யும் முதல் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. கடைசி வகுப்பு முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

முதல் ஆண்டு முழுக்க நானும் ஓடினேன். தெரிந்த முகங்கள் நாற்பது இருந்தன. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தபோது பாடக்குறிப்பு கேட்க ஒருவர்கூட இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு மூன்று கட்டைவிரல்கள் வந்தன, குறிப்பு வரவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு பஸ்ஸை விட்டுவிடுங்கள். ஒரு ஜோடி டால் பூரி தின்னும் நேரம் போதும்.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்தே டியூஷன், தேர்வு, எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வு என்று ஓடி வளர்ந்தவர்கள் நாம். அங்கே முதலிடங்களில் வருகிறவர்களுக்கு அரசு உதவித்தொகை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போட்டியாளர் என்பது மனதில் ஊறிப்போகிறது. பட்டப்படிப்பில் அவர் கூடுதலாக ஐந்து மதிப்பெண் வாங்குவதால் நமக்கு எதுவும் குறையாது. ஆனால் பழக்கம் விடுகிறதா? ஒருமுறை வகுப்புத் தோழி ஒருத்தி பழைய கேள்வித்தாள் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது என் பைக்குள்ளேயே இருந்தது. அடுத்த பருவத்தில் குழுப் பணிக்கு அவளோடுதான் என்னைச் சேர்த்தார்கள். வெட்கம் தாங்காமல் உண்மையைச் சொன்னேன். "தெரியும், உன் பை திறந்துதானே கிடந்தது" என்று எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம், ஊர் வாய் பற்றிய பயம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். இன்று ஒருவரிடம் சொன்ன கஷ்டம் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அம்மா காதுக்கு வந்துவிடும். பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்காக வாயையே பூட்டிக்கொள்வது சரியல்ல. முதலில் சின்ன விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள், அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். பெரிய பாரம் என்றால் ஆலோசகரிடம் போங்கள். அவர் உங்கள் சித்திக்குத் தெரிந்தவராகவே இருந்தாலும், ரகசியம் காப்பது அவர் தொழில். கிடைத்த ஒரே தோழியின் தலையில் எல்லாவற்றையும் இறக்கி வைக்காதீர்கள், அவளுக்கும் தேர்வு இருக்கிறது.

சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதும் தவறு. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம். அந்த நாட்களில் மாலைக் கூட்டத்துக்கு வர முடியாது என்பதைக் குழுவில் யாரிடமும் சொல்லாமல், அவர்கள் முகம் சுளித்தபோது நான் கோபப்பட்டேன். தமிழர் அல்லாதவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வருஷம் முன்கூட்டியே சொன்னேன். கேள்வித்தாள் கேட்ட அந்தத் தோழி என் பங்கு வேலையையும் தானே முடித்துவிட்டு, காவடியன்று கோயிலுக்கே வந்துவிட்டாள். வாழை இலையில் ஏழு கறியும் காலி. ரசத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.