மணல் வளவில் மரக்கறி வைக்க, காசைக் கொட்டாமல் மண்ணைத் தேற்றுவது எப்படி

திருகோணமலைக் கரையோரத்தில் நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல் வளவு இருப்பவர்கள் பலர் முதலில் ஒரு லோட் செம்மண் பறித்து மணலுக்கு மேலே பரப்பி விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாலு விரல் கனத்துக்குக் கீழே அதே மணல்தான், வேர் போகப் போவதும் அங்கேதான்.

உங்கள் மண்ணை ஒரு கண்ணாடிப் போத்தலில் கால்வாசி போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து விட்டால் களிமண் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை, ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற யூரியாவும் நிற்க இடமில்லாமல் நேரே கீழே இறங்கி, கடைசியில் நாம் குடிக்கிற கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

அதனால் முழு வளவையும் திருத்தப் போகாமல், செடி வைக்கும் இடத்தை மட்டும் திருத்துங்கள். கையில் காசு குறைவென்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாரி மழைக்கு முன்னே, ஆவணி புரட்டாதியில், இரண்டடி அகலம் ஒன்றரை அடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒவ்வொரு மட்டையும் ஒரு சிறு சட்டி போல நீரை ஏந்தி வைத்திருக்கும், உக்கிப் போகச் சில வருடம் எடுக்கும். அதன் மேல் பூவரசங்குழை அல்லது கிளிசரியாக் குழை, பிறகு உக்கின மாட்டெருவும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், வேரை எரித்து விடும். அதை முதலில் நிழலில் குவித்து மூடி இரண்டு மூன்று மாதம் உக்க விடுங்கள்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் வயல் களிமண் இரண்டு உரப்பை கேட்டு வாங்குங்கள், கிடங்குக்கு ஒரு வாளி கலந்தாலே வித்தியாசம் தெரியும். அரிசி ஆலை உமியை அப்படியே போடாமல் கரியாக்கிப் போடுங்கள்: புகைய விட்டு, முழுதும் கறுத்ததும் சாம்பலாக முன்னே தண்ணீர் தெளித்து அணைத்து விட வேண்டும். அந்தக் கரி நீரையும் பசளையையும் பிடித்து வைக்கும், லேசில் உக்கவும் உக்காது. ஆனால் மணலில் சிப்பித் துண்டுகள் தெரிந்தால் அடுப்புச் சாம்பல் கொட்டாதீர்கள், அந்த மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம்.

அப்புறம் மூடாக்கு. மேற்கேயிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று தொடங்கினால் வெறும் மணல் மத்தியானத்தில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும், எருவும் அந்தச் சூட்டில் வேகமாகக் கரைந்து போகும். வைக்கோல், தென்னோலை, சருகு, எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்கள், தண்டில் மட்டும் முட்டக் கூடாது. எரு வருடா வருடம் போடத்தான் வேண்டும், அதில் தப்ப வழியில்லை. பசளை போடுவதென்றால் ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். கோடையில் பாத்தியைச் சற்றுப் பள்ளமாக வையுங்கள், மாரியில் தண்ணீர் தேங்குகிற இடமென்றால் மேடாக.

முதல் போகத்துக்குக் கௌபியோ பயறோ விதைத்து, பூக்கும்போது கொஞ்சத்தை வெட்டி அங்கேயே தாட்டு விடுங்கள். கத்தரியும் மிளகாயும் அதற்குப் பிறகு அதே கிடங்குகளில் வைக்கலாம், மேலே இன்னும் ஒரு கூடை எரு போட்டு.