மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு தெருவுக்கு அவசரகாலப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். பன்னிரண்டு வீடுகள், பெரும்பாலும் மூன்று நான்கு போர்ஷன் வைத்த மாடி வீடுகள். ஒருவர் டார்ச், கயிறு, பிஸ்கட், மருந்து எல்லாம் போட்டு ஒரு பையைத் தயாராக வைத்திருந்தார். "எடுத்துக் காட்டுங்கண்ணா" என்றேன். பீரோவுக்கு மேல், இரண்டு சூட்கேஸுக்கு அடியில் இருந்தது பை. ஸ்டூல் தேடி, சூட்கேஸை இறக்கி, பையை எடுக்க ஆறு நிமிடம் ஆனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் என் வீட்டிலும் அந்தப் பை அங்கேதான் இருந்தது.

டார்ச்சுக்கு பேட்டரி போடுங்கள், 108-ஐ மறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். எல்லாம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகளை மட்டும் சொல்கிறேன். அவற்றில் பாதியை நானும் செய்திருக்கிறேன்.

"இங்கதான் மழையே இல்லையே" என்று இருப்பது

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, அதன் பிறகுதான் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு வருகிறது. அங்கே கொட்டினால் இங்கே ஆறு ஏறும். ஒகேனக்கல்லும் அப்படித்தான். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால், பென்னாகரத்தில் வெயில் காய்கிற நாளிலேயே பரிசலுக்குத் தடை போடுவார்கள். 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணையின் மதகு ஒன்று உடைந்தபோதும் ஆற்றோரத்து மக்களுக்கு ஆபத்து வானத்திலிருந்து வரவில்லை. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அணையிலிருந்து வரும் அறிவிப்பைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் கேட்கலாம்.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு நினைப்பு உண்டு. புயல் என்றால் கடலோரக்காரர்கள் கவலை என்பது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் இழுத்துக்கொண்டு போனது. கடலைப் பார்க்காத ஊர் அது.

ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்குவது

30 சென்டிமீட்டர் ஓட்டம் போதும், சின்ன கார் மிதந்துவிடும். திரும்பிப் போங்கள்.

கேட்டையும் மாடிக் கதவையும் பூட்டிச் சாவியை எங்கோ வைப்பது

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஊர் மாடி வீடுகளின் அமைப்பு ஒன்றுதான். கீழே கிரில் கேட். உள்ளே நுழைந்தால் சுவரில் மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அதை ஒட்டி மாடிப்படி, படிக்கு அடியில் இரண்டு மூன்று வண்டிகள். ஒவ்வொரு மாடியிலும் இரண்டு போர்ஷன். உச்சியில் மொட்டை மாடிக் கதவு, அதில் ஒரு பூட்டு. ஜன்னல்கள் அத்தனையிலும் கம்பி. உள்ளே இருப்பவர்கள் வெளியே வர இரண்டே வழி, கீழே கேட், மேலே மாடி. ராத்திரி பத்து மணி ஆனால் இரண்டையும் நாமே பூட்டிவிடுகிறோம்.

2011-ல் நாங்கள் அப்படி ஒரு வீட்டில் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, ஏழு வயது மகள், அம்மா. விடியற்காலை மூன்று மணி இருக்கும். அம்மாதான் எழுப்பினார்கள். "என்னமோ ரப்பர் கருகற வாசனை வருது, எழுந்து பாருப்பா." கதவைத் திறந்தேன். கீழே மீட்டர் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. தீ பெரிதாக இல்லை. புகைதான் கன்னங்கரேலென்று படி வழியாக ஏறி வந்தது. எரிகிற நேரத்தில் மாடிப்படி புகைக்கூண்டு மாதிரி வேலை செய்யும் என்பது அன்று எனக்குத் தெரியாது. கீழே போக முடியாது, மேலே போய்விடலாம் என்று மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அம்மாவும் மனைவியும் பின்னால் வந்தார்கள். கரண்ட் போயிருந்தது. கதவில் கை வைத்தபோதுதான் பூட்டு தட்டுப்பட்டது.

சாவி ஓனரிடம் இருந்தது. ஓனர் வீடு கீழே, புகைக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பூட்டை என் கை இன்னும் மறக்கவில்லை. மழையில் நனைந்து நனைந்து துரு ஏறிச் சொரசொரவென்று இருக்கும், உள்ளங்கையை நிறைக்கும் அளவு. இழுத்தேன், ஆட்டினேன். கொண்டியில் மோதிச் சத்தம் போட்டதே தவிர அசையவில்லை. மேலே வந்த புகை போக வழியில்லாமல் எங்கள் தலைக்கு மேல் தேங்கி, கீழே இறங்கத் தொடங்கியது. மகள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினாள். மனைவிதான் சட்டையைப் பிடித்து இழுத்து, "உள்ள போயிரலாம் வாங்க" என்று எங்களைத் திருப்பிக் கூட்டிவந்தார். கதவைச் சாத்தி, போர்வையை நனைத்துக் கதவிடுக்கில் திணித்து, பின்பக்க ஜன்னலைத் திறந்து கத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். அவர்கள் வந்து மின்சாரத்தைத் துண்டித்து எங்களை இறக்கினார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதன் பிறகு கடைசி வரை மாடி வீட்டில் தங்க அவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

கீழே இறங்க முடிந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. கேட் சாவி என் பேண்ட் பாக்கெட்டில், பேண்ட் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் தீயணைப்புத் துறையினரிடம் முறையாகப் பயிற்சி எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் அதே பூட்டைப் பார்க்கிறேன். கேட்டால் பதில் தயாராக இருக்கும். "துணி காணாமப் போகுதுங்க." "பசங்க மேல போய் தண்ணி அடிக்கறாங்க." "டேங்க்ல யாராவது கைய வெச்சா?" இந்தப் பயம் எதுவும் பொய்யில்லை. ஆனால் திருடன் வெளியிலிருந்து வருகிறவன். மாடிப் பக்கத்திலிருந்து வருகிறவனைத் தடுக்க, படிப் பக்கம் ஒரு நல்ல தாழ்ப்பாள் போதும். உள்ளே குடியிருப்பவருக்குச் சாவியே தேவைப்படாது. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு சாவி அடித்துக் கொடுங்கள். ஒரு சாவிக்கு ஆகிற செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் போகாது.

ஓசூரில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மாடியில் இருந்தார்கள். பையன்கள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஓனர் தினமும் பத்து மணிக்கு கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சாவியோடு அடுத்த தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஒவ்வொரு அறையிலும் ஒரு கேஸ் அடுப்பு. அவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். வெளியிலிருந்து ஆட்களை வைத்துப் பூட்டுகிற வீட்டில் வாடகைக்கு இருக்காதீர்கள், பிள்ளைகளையும் இருக்க விடாதீர்கள்.

என் வீட்டில் இப்போது இருக்கிற ஏற்பாட்டைச் சொல்கிறேன். கேட் சாவி வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வெளியிலிருந்து கையை விட்டால் எட்டாது. சாவியில் வெள்ளைத் துணி ஒன்றை முடிந்து வைத்திருக்கிறேன், இருட்டில் கைக்கும் கண்ணுக்கும் தெரியும். அந்தச் சாவியை யாரும் வெளியே எடுத்துப் போகக் கூடாது, வெளியே போக வேறு சாவி இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்து பார்க்கிறேன். சாவி கையில் இருந்தும் துரு பிடித்த பூட்டு திரும்பாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அன்று நாங்கள் செய்த இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். படியில் புகை நிறைந்த பிறகு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கதவைச் சாத்தி, இடுக்கை ஈரத் துணியால் அடைத்து, தெருப் பக்க ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். மாடி வழி உதவுவது புகை வருவதற்கு முன்புதான். வெள்ளத்தில் அந்தக் கணக்கு மாறும். தண்ணீர் ஏறினால் கீழ் போர்ஷன்காரர்களுக்கு மாடியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

படிக்கு அடியில் வண்டியை சார்ஜ் போடுவது

முன்பு அங்கே பெட்ரோல் வண்டி நின்றது, அதுவே தவறு. இப்போது மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுகிறது. அதன் பேட்டரி பிடித்துக்கொண்டால் வாளித் தண்ணீருக்கு அடங்காது, புகையும் விஷம். வெளியேறுகிற ஒரே வழியில் அதை வைக்காதீர்கள். திறந்த இடத்தில், விழித்திருக்கிற நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.

மீட்டர் பெட்டி எரிந்தாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. 101-க்குச் சொல்லுங்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கும் சொல்லுங்கள்.

கேஸ் வாசனைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது

எல்லோருக்கும் முதலில் கை போவது அங்கேதான். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே பொறி விழும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறந்து வையுங்கள். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடுங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்குப் பேசுங்கள். போனைக்கூட உள்ளே நின்று எடுக்க வேண்டாம்.

108-க்கு "கோயில் பக்கத்துல" என்று முகவரி சொல்வது

எந்தக் கோயில்? ஒரே பெயரில் நாலு மாரியம்மன் கோயில் இருக்கிற ஊர் நம்முடையது. கதவு எண், தெரு, வார்டு, பெரிய அடையாளம் ஒன்று, இவற்றை ஒரு தாளில் எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயர்கூட வாயில் வராது. வந்திருக்கிற விருந்தாளியோ வேலைக்கார அம்மாவோ போன் செய்ய நேர்ந்தாலும் பார்த்துப் படிக்கலாம். 108-ல் பேசுகிறவர் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள், ஒரு ஆளைத் தெருமுனைக்கு அனுப்புங்கள்.

தொப்பூர் கணவாயில் விபத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவர்களும் "தொப்பூர் இறக்கத்துல" என்கிறார்கள். அந்த இறக்கம் பல கிலோமீட்டர். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், சேலம் போகிற பக்கமா தருமபுரி போகிற பக்கமா என்பதையும் சொல்லுங்கள்.

பக்கத்துக் கட்டிடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது

2023 ஜூலை 29 காலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள், அக்கம்பக்கத்துக் கட்டிடங்களும் நொறுங்கின. உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேளுங்கள்.

பாம்பு கடித்த இடத்துக்கு மேல் கட்டுவது

கட்டாதீர்கள், கீறாதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான், பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நின்று வீடியோ எடுப்பது

ஆம்புலன்சுக்கு வழியை விடுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவது

பயந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் மறைக்கிறார்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள்தான் சரியாகக் கற்றுக்கொள்கிறார்கள். அன்று பயிற்சி முடிகிற நேரத்தில், பை வைத்திருந்த அந்த வீட்டில் ஒரு ஒத்திகை பார்த்தோம். பையை முன்பே வாசல் அலமாரிக்கு இறக்கிவிட்டார்கள். கேட் சாவிக்கும் ஆணி அடித்திருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகளிடம், "பாப்பா, நீதான் கேட்டத் திறக்கணும்" என்றேன். சுவரைத் தடவிக்கொண்டே நேராக ஆணிக்குக் கீழே போய் நின்றாள். எம்பினாள். விரல் நுனி வெள்ளைத் துணியைத் தொட்டது, பிடிக்கக் கிடைக்கவில்லை. மறுபடி எம்பினாள்.

விளக்கைப் போட்டோம். அவளுடைய அப்பா சுத்தியலை எடுத்துவந்து ஆணியைப் பிடுங்கி, மகளை நிற்க வைத்து அளவு பார்த்து, ஒரு முழம் கீழே அடித்தார்.