நர்ஸ் நின்றபடியே படிக்கக்கூடிய விழுதல் அறிக்கை

நோயாளிகள் கீழே விழுந்த சம்பவங்களின் மாத அறிக்கையை நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டுகிறோம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அதன்முன் யாரும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. எனவே ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம், அந்த வார்டின் கணக்கு மட்டும். மருத்துவமனை முழுவதற்குமான சராசரி நிர்வாகக் கூட்டத்துக்கு உதவும். வார்டு நர்ஸுக்கு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

விழுதல் வீதத்தை, அதாவது 1000 நோயாளி-நாட்களுக்கு எத்தனை விழுதல் என்பதை, முதலில் கணக்கிடுங்கள். தினசரி நள்ளிரவு சென்சஸை (அந்நேரம் வார்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை) மாதம் முழுக்கக் கூட்டினால் நோயாளி-நாட்கள் கிடைக்கும். விழுதல்களை அதனால் வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். 780 நோயாளி-நாட்களில் 3 விழுதல் என்றால் 3.8. படுக்கைகள் காலியாக இருந்து 620 ஆனால், அதே 3 விழுதல் 4.8 ஆகிவிடும். ஒரே நோயாளி இரண்டு முறை விழுந்தால் இரண்டாகவே எண்ணுங்கள். வீதத்தின் பக்கத்தில் எண்ணிக்கையையும் எழுதுங்கள், 3.8 என்று மட்டும் பார்ப்பவருக்கு எத்தனை விழுதல் என்ற கேள்விதான் எழும்.

அடுத்து மாத வீதங்களின் கோட்டு வரைபடம். குறைந்தது 10 மாதப் புள்ளிகள், குறுக்கே இடைநிலை அளவுக் கோடு (வீதங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு). செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். அளவுகோலை மாதாமாதம் மாற்றாதீர்கள், மாற்றினால் சிறு ஏற்றமும் மலைபோலத் தெரியும். ஒரு மாதம் கூடியதற்கு யாரையும் கேள்வி கேட்பது அநியாயம், அது தற்செயலாகவும் இருக்கலாம். தொடர்ந்து 6 புள்ளிகளாவது இடைநிலைக் கோட்டின் ஒரே பக்கம் அமைந்தால்தான் (சரியாகக் கோட்டிலேயே அமைந்தவற்றை விட்டுவிட்டு) மாற்றம் என்று கொள்ளலாம். பல மாதங்கள் பூஜ்யமாகவே இருக்கும் வார்டில் இந்தப் படம் எதையும் காட்டாது. அங்கே இரு விழுதல்களுக்கு இடையே எத்தனை நாள் என்று வரையுங்கள்.

சிவப்பு, பச்சை நிறங்களை நம்ப வேண்டாம். வார்டு பிரிண்டர் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். நிறக்குறைபாடு உள்ள பலருக்கும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

தாளின் கீழ்ப்பாதிதான் நர்ஸுக்கு வேலைக்காகும் பகுதி. ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு வரி: நேரம், இடம், நோயாளி என்ன செய்யப் போனார், கட்டில் கம்பி ஏற்றியிருந்ததா, அழைப்பு மணி கைக்கு எட்டியதா. நோயாளி பெயரோ நர்ஸ் பெயரோ கூடாது. பெயர் வந்துவிட்டால் அடுத்த மாதம் சம்பவங்கள் பதிவாகாது, படம் மட்டும் அழகாக இறங்கும். தலைப்பில் "ஜூன் மாத அறிக்கை" என்று போடாமல் "ஜூன்: 3 விழுதல், இரண்டு அதிகாலையில் கழிவறை போகும்போது" என்று எழுதுங்கள்.

ஒட்டுவதற்கு முன் நைட் டியூட்டி நர்ஸ் ஒருவரிடம் 30 விநாடி காட்டி, தாளைத் திருப்பிவிட்டு, எத்தனை விழுதல், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் தாளைத்தான் திருத்த வேண்டும்.