நாலடி பட்டில் கை இறுகுவது நின்றது

கோல்ஃபில், பயிற்சியில் சுலபமாக விழும் நாலடி பட் (குழிக்குள் பந்தை மெல்ல உருட்டிவிடும் அடி), போட்டியில் மட்டும் குழியின் வலது ஓரத்தை உரசிக்கொண்டு போகும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்தான். அந்தத் தூரத்தில் பட்டரின், அதாவது அந்த அடிக்கான மட்டையின், முகம் மூன்று டிகிரி திரும்பினாலே பந்து தப்பிவிடும்.

பயிற்சியாளர் என் ஸ்ட்ரோக்கைத் தொடவே இல்லை. விரல்களைத்தான் பார்த்தார். பதற்றத்தில் பிடி இறுகுகிறது, பட்டரின் முகம் வலப்பக்கம் திறந்துகொள்கிறது என்றார்.

அவர் சொன்னபடி, பந்து ஓட வேண்டிய பாதையைப் பந்துக்குப் பின்னால் நின்றே முடிவு செய்கிறேன். மூச்சை நீளமாக விட்டுப் பிடியைத் தளர்த்துகிறேன். அப்புறம் குழியை ஒருமுறை பார்த்ததும் அடித்துவிட வேண்டும். குனிந்த பிறகு யோசனையே கூடாது. எனக்கு ரொம்பக் கைகொடுத்தது இதுதான்.

பயிற்சியிலும் இப்போது ஒரே பந்துதான். ஒவ்வொரு பட்டுக்கும் இதே வரிசை, முழுசாக.