கேசி705 பலகையில் பயனர் கிளாக்கின் அதிர்வெண்ணை மாற்றும் முறை

சைலிங்ஸின் கேசி705 எஃப்பிஜிஏ (உள்சுற்றுகளைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) பலகையில், 200 மெகாஹெர்ட்ஸில் நிலையாக ஓடும் சிஸ்டம் கிளாக்குடன், பயனர் கிளாக்கைத் தரும் எஸ்ஐ570 என்ற நிரல்படுத்தக்கூடிய ஆஸிலேட்டரும் உள்ளது. மின்சாரம் கொடுத்ததும் 156.25 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் இதனை, ஐ2சி என்ற இருகம்பித் தொடர்பு வழியாக 10 முதல் 810 மெகாஹெர்ட்ஸ் வரை மாற்றிக்கொள்ளலாம். இங்கே அதனை 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவருவோம்.

ஐ2சி கட்டளைகளை அனுப்பும் லாஜிக் எஸ்ஐ570 தரும் கிளாக்கில் ஓடக்கூடாது. மாற்றத்தின் நடுவே அந்த கிளாக் தடைபடும் என்பதால், 200 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கிலேயே அதனை அமைக்க வேண்டும். சிப்பை நேரடியாகவும் எட்ட முடியாது. இடையில், ஐ2சி கோட்டைப் பல கிளைகளாகப் பிரிக்கும் பிசிஏ9548 என்ற மல்டிபிளெக்சர் இருக்கிறது. அதன் ரீசெட் கோட்டை உயர்நிலையில் வைத்து, 116 என்ற முகவரிக்கு (இங்குள்ள எண்கள் எல்லாம் தசம எண்களே) 1 என்று எழுதினால் முதல் கிளை திறக்கும். அதன் பின்னரே 93 என்ற முகவரியில் எஸ்ஐ570 பதிலளிக்கும்.

முதலில் எஸ்ஐ570-இன் 135-ஆம் ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் மதிப்பைச் சேமிக்கும் இடம்) 1 எழுதித் தொழிற்சாலை மதிப்புகளை மீட்டு, 7 முதல் 12 வரையுள்ள ரெஜிஸ்டர்களைப் படியுங்கள். அவற்றில் எச்எஸ்-டிவ், என்1 என்ற இரண்டு வகுப்பான்களும், ஆர்எஃப்ரெக் என்ற 38 பிட் பெருக்கியும் உள்ளன. பெருக்கியின் கடைசி 28 பிட்டுகள் பின்னப் பகுதி. உள்ளிருக்கும் படிகத்தின் பெயரளவு அதிர்வெண் 114.285 மெகாஹெர்ட்ஸ் என்றாலும், சிப்புக்குச் சிப்பு அது சிறிது வேறுபடும். அந்த வேறுபாட்டை ஈடுகட்டும் மதிப்பே ஆர்எஃப்ரெக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வேறொருவர் பலகையில் சரியாக வேலை செய்த எண்ணை அப்படியே எடுத்து எழுதுவதை நான் அறவே ஏற்பதில்லை; உங்கள் சிப்பில் படித்த மதிப்பிலிருந்தே கணக்கிடுங்கள்.

எஸ்ஐ570-இன் உள் அலையியற்றி, படிகத்தின் அதிர்வெண்ணை ஆர்எஃப்ரெக்கால் பெருக்கிய வேகத்தில் ஓடுகிறது; அதனை இரு வகுப்பான்களால் வகுத்தால் வெளிவரும் கிளாக் கிடைக்கும். இந்த அலையியற்றி 4.85 முதல் 5.67 கிகாஹெர்ட்ஸுக்குள் ஓட வேண்டும். 156.25-க்கு வகுப்பான்கள் 4, 8. பெருக்கினால் 32, எனவே அலையியற்றி 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 100-க்கு 5, 10 என்று தேர்ந்தால் 50. அப்போதும் அதே 5 கிகாஹெர்ட்ஸ்தான் தேவை என்பதால், இந்த மாற்றத்துக்கு ஆர்எஃப்ரெக்கைத் தொடவே வேண்டியதில்லை. வேறு அதிர்வெண் வேண்டுமென்றால், 5000 மெகாஹெர்ட்ஸைப் படித்த ஆர்எஃப்ரெக்கால் வகுத்துப் படிகத்தின் உண்மை அதிர்வெண்ணைப் பெற்று, புதிய அலையியற்றி அதிர்வெண்ணை அதனால் வகுக்க வேண்டும்.

எச்எஸ்-டிவ்வில் 4-ஐயும் என்1-இல் 1-ஐயும் கழித்தே பதிய வேண்டும். எனவே 7-ஆம் ரெஜிஸ்டருக்கு 34. 8-ஆம் ரெஜிஸ்டரின் மேலிரு பிட்டுகளுக்கு 01, கீழுள்ள ஆறு பிட்டுகள் படித்தபடியே. எழுதும் முன் 137-ஆம் ரெஜிஸ்டரின் நான்காம் பிட்டை 1 ஆக்கி அலையியற்றியை உறையவைத்து, எழுதிய பின் அதனை 0 ஆக்கி, 10 மில்லிநொடிக்குள் 135-ஆம் ரெஜிஸ்டரில் 64 எழுதுங்கள். பிட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

இந்தக் கிளாக்கால் எம்எம்சிஎம் (எஃப்பிஜிஏவுக்குள் கிளாக்கைப் பெருக்கியும் வகுத்தும் தரும் பகுதி) ஒன்றை ஓட்டினால், மாற்றம் முடியும்வரை அதனை ரீசெட்டில் வைத்திருங்கள், எம்எம்சிஎம்மின் பெருக்கியையும் சரிபாருங்கள். பெருக்கி 5 என்றால் அதன் உள் அலையியற்றி 781.25-இலிருந்து 500 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். குறைந்தபட்சம் 600 தேவை என்பதால் அது லாக் ஆகும் (உள்வரும் கிளாக்குடன் நிலையாக ஒத்திசையும்) என்று நம்ப முடியாது. சைலிங்ஸின் வடிவமைப்பு மென்பொருளான விவாடோவின் கட்டுப்பாட்டுக் கோப்பில் காலமுறையை 6.4-இலிருந்து 10 நானோநொடிக்கு மாற்றுவதும் அவசியம்.

இறுதியாக, சிஸ்டம் கிளாக்கின் 2,00,000 சுழற்சிகளுக்குள், அதாவது ஒரு மில்லிநொடிக்குள், புதிய கிளாக்கின் துடிப்புகளை ஒரு கவுன்ட்டரால் எண்ணுங்கள். ஏறத்தாழ 1,00,000 வர வேண்டும். பலகையின் மின்சாரத்தை நிறுத்தினால் ஆஸிலேட்டர் 156.25-க்கே திரும்பிவிடும் என்பதால், இந்த வரிசை முழுவதையும் ஒவ்வொரு தொடக்கத்திலும் இயங்கும்படி வடிவமைப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.